மெழுகும் வடிதாளும் கொண்டு நோயறி தாள்சில்லு செய்யும் முறை

இங்கே செய்யப்போவது உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு தாள்சில்லு. அதன் நடுவில் ஒரு துளி சிறுநீரை வைத்தால், அந்தத் துளி தானாகவே மூன்றாகப் பிரிந்து மூன்று கிளைகளின் வழியே ஓடி, ஒரு முனையில் குளுக்கோஸையும் மற்றொரு முனையில் புரதத்தையும் நிறமாற்றத்தால் காட்டும். பம்பு, மின்சாரம், கண்ணாடிக் குழாய் எதுவும் தேவையில்லை. நீரை நகர்த்தும் வேலையைத் தாளின் இழைகள் செய்கின்றன. நீருக்குக் கரை கட்டும் வேலையை மெழுகு செய்கிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாளில் கால்வாய் அமைப்பது ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அதைச் செய்து முடித்து, வண்ண நீர் அழகாகப் பிரிந்து ஓடுவதைப் பார்த்தவுடன் கருவி தயாராகிவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. வினைப்பொருளை ஒரே அளவில் இடுவது, உலர்த்துவது, தெரிந்த செறிவுள்ள கரைசல்களோடு ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்வது ஆகியவையே ஒரு தாளை நோயறி கருவியாக மாற்றுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தாளில் மெழுகால் கரை கட்டும் எண்ணம் பழையது. 1949ஆம் ஆண்டிலேயே முல்லர், கிளெக் என்ற இருவர், வண்ணப்பிரிகைத் தாளில், அதாவது கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டப் பயன்படும் தாளில், பாரஃபின் மெழுகைக் கொண்டு பாதை வகுத்து, நிறமிகளைப் பிரித்துக் காட்டினார்கள். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த எண்ணம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு, ஒளியுணர் பிசினைக் கொண்டு தாளில் கால்வாய்களை அமைத்து, ஐந்து மைக்ரோலிட்டர் செயற்கைச் சிறுநீரில் குளுக்கோஸையும் புரதத்தையும் ஒரே நேரத்தில் கண்டறிந்து வெளியிட்ட பிறகே தாள் நுண்பாய்மவியல், அதாவது மிகச் சிறிய அளவு நீரைத் தாளின் கால்வாய்களில் செலுத்தும் கலை, ஒரு தனித் துறையாக வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், விலை மிகுந்த பிசினுக்குப் பதிலாக மெழுகை அச்சிடும் முறை வந்துவிட்டது. நாம் பின்பற்றப்போவது மெழுகு முறையை. சோதனை வேதியியலை அந்த 2007ஆம் ஆண்டுச் சில்லிலிருந்தும் அதைத் தொடர்ந்து வந்த வேலைகளிலிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்.

தாளைத் தேர்ந்தெடுத்தல்

எழுதும் தாளும் அச்சுத் தாளும் இதற்கு உதவா. அவற்றில் மை பரவாமல் இருப்பதற்காகப் பசையும் சுண்ணப்பொடியும் சேர்க்கப்பட்டிருக்கும். அவை நீரின் ஓட்டத்தைத் தடுப்பதோடு வினைப்பொருள்களின் அமிலத்தன்மையையும் குலைத்துவிடும். தூய செல்லுலோஸாலான வடிதாள் அல்லது வண்ணப்பிரிகைத் தாள் வேண்டும். உலகெங்கும் இவ்வேலைக்குப் பெரும்பாலோர் எடுப்பது வாட்மன் 1ஆம் எண் தாள். அது 180 மைக்ரோமீட்டர் தடிப்பும், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 87 கிராம் எடையும் உடையது. வேறு தாளை எடுத்தாலும் தவறில்லை. ஆனால் ஒரு வேலையின் நடுவில் தாளை மாற்றக் கூடாது, ஏனெனில் பின்னர் செய்யும் அளவுத்திருத்தம் அந்தத் தாளுக்கு மட்டுமே பொருந்தும்.

மேலே சொன்ன இரண்டு எண்களிலிருந்து மிகப் பயனுள்ள மூன்றாவது எண் ஒன்றைக் கணக்கிடலாம். செல்லுலோஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். அப்படியானால் 180 மைக்ரோமீட்டர் தடிப்பில் இழைகள் பிடித்திருப்பது 58 மைக்ரோமீட்டர் அளவுதான், மீதி வெற்றிடம். ஒரு சதுர சென்டிமீட்டர் தாள் குடிக்கும் நீர் இதன்படி 12 மைக்ரோலிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. சில்லின் பரப்பை அளந்து இந்த எண்ணால் பெருக்கினால் எவ்வளவு மாதிரி தேவை என்பது தெரிந்துவிடும். மாதிரி குறைந்தால் முனைகள் நனையாமல் போகும். மிகுந்தால் வழிந்து, ஒரு முனையின் வினைப்பொருள் அடுத்த முனைக்குப் போய்விடும். இந்தக் கணக்கைச் செய்யாமல் கண் அளவில் துளி விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

தாளுக்குத் திசை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆலையில் தாள் ஓடிவந்த திசையில் இழைகள் கூடுதலாக அமைந்திருப்பதால், அந்தத் திசையில் நீர் சற்று வேகமாகப் பரவும். தாளின் நடுவில் ஒரு துளி வண்ண நீரை விட்டுப் பார்த்தால் கறை வட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாக விரிவதைக் காணலாம். நீண்ட அச்சைப் பென்சிலால் தாளின் ஓரத்தில் குறித்துவைத்து, எல்லாச் சில்லுகளையும் அந்தக் குறிக்கு ஒரே விதமாக அமைக்க வேண்டும்.

வடிவம் வரைதல்

நமது சில்லின் நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் இருக்கும். மாதிரியை இடும் இடம் அதுதான். அதிலிருந்து 2 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மூன்று கால்வாய்கள் சமகோணத்தில் பிரியும். ஒவ்வொன்றின் முடிவிலும் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனை வட்டம். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1.14 சதுர சென்டிமீட்டர். ஆகவே மாதிரி 14 மைக்ரோலிட்டர் தேவைப்படும். ஆவியாவதற்கும் இழைகள் ஊதுவதற்கும் சேர்த்து 15 என்று வைத்துக்கொள்ளலாம். 35 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் ஒரு சில்லு அடங்கும்; ஒரு ஏ4 அளவுத் தாளில் ஓரம் விட்டு 40 சில்லுகள் வரும்.

கால்வாயை ஏன் இவ்வளவு குறுகிய நீளத்தில் வைக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். தாளுக்குள் நீர் சீரான வேகத்தில் ஓடுவதில்லை. லூகாஸும் வாஷ்பர்னும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கண்டறிந்தபடி, நுண்புழைகளில் நீர் கடந்த தொலைவின் இருமடி காலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எளிமையாகச் சொன்னால், கால்வாயை இரண்டு மடங்கு நீளமாக்கினால் நீர் போய்ச்சேர நான்கு மடங்கு காலம் ஆகும். அதற்குள் காற்றில் ஆவியாகும் நீரும் கூடும். வறண்ட நாளில் நீண்ட கால்வாயின் முனைக்கு நீர் போய்ச்சேராமலேகூட நின்றுவிடும். அதனால் தொலைவை அழகுக்காக நீட்டாமல், சோதனை வட்டங்களின் வினைப்பொருள்கள் ஒன்றோடொன்று கலக்காத அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும்.

மூன்று கிளைகளும் நீளத்திலும் அகலத்திலும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். கணினியில் ஏதேனும் ஒரு திசையன் வரைகலை மென்பொருளில் ஒரு கிளையை வரைந்து, அதை 120 டிகிரி சுழற்றி நகலெடுப்பதே நல்ல வழி. வரையும்போது ஒரு திருத்தம் செய்ய வேண்டும். மெழுகு உருகும்போது கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் பரவும். மெல்லிய கோடு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விரியும் என்று கொண்டால், 2 மில்லிமீட்டர் கால்வாய் கிடைக்க 2.5 மில்லிமீட்டர் இடைவெளியும், 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 6.5 மில்லிமீட்டரும், 4 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 4.5 மில்லிமீட்டரும் வரைய வேண்டும். கரைக்கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கோடு மெல்லியதாக இருந்தால் தாளின் முழுத் தடிப்பையும் நிரப்ப மெழுகு போதாது. மேலே கரை தெரியும், அடியில் நீர் கசியும்.

மெழுகை இடுதல்

திட மை அச்சுப்பொறி கிடைத்தால் வேலை மிக எளிது. அது மையாகப் பயன்படுத்துவதே நிறமேற்றிய மெழுகுதான். சாதாரணத் தாளில் அச்சிடுவதைப் போல வடிதாளில் அச்சிட்டு எடுத்து, 150 டிகிரி செல்சியஸ் வெப்பத் தட்டில் இரண்டு நிமிடம் வைத்தால் மெழுகு உருகி மறுபக்கம் வரை இறங்கிவிடும். இவ்வகை அச்சுப்பொறிகளின் உற்பத்தி நின்றுவிட்டதால் இன்று அதை நம்பி ஒரு வேலையைத் தொடங்குமாறு யாருக்கும் நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒன்று கையில் இருப்பவர்கள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வலை அச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலைத் துணியில், கரைக்கோடுகள் வரவேண்டிய இடங்களை மட்டும் திறந்துவிட்டு மற்ற இடங்களை அடைத்துக்கொள்ள வேண்டும். துணிக்கும் சுவரொட்டிக்கும் அச்சிடுபவர்கள் செய்யும் அதே வேலைதான். வலையை வடிதாளின்மீது அசையாமல் வைத்து, கட்டி மெழுகை வலையின்மீது அழுத்தித் தேய்த்தால், திறந்த இடங்களின் வழியே மெழுகு தாளில் ஒட்டும். பாரஃபின் 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடுவதால், தாளை 100 டிகிரி வெப்பத் தட்டில் ஒரு நிமிடம் வைத்தாலே போதும். தேய்க்கும் அழுத்தத்தைப் பொறுத்து மெழுகின் அளவு மாறும் என்பதே இம்முறையின் குறை. பத்துப் பதினைந்து தாள்களைப் பழகிய பிறகு கை ஒரு நிதானத்துக்கு வந்துவிடும்.

ஒன்றிரண்டு சில்லுகள் மட்டும் செய்து கொள்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள், வரைந்த படத்தைத் தாளுக்கு அடியில் வைத்து, மெழுகு வண்ணக்கோலால் இரு பக்கமும் அழுத்தமாகக் கோடு இழுத்து உருக்கினாலும் கால்வாய் கிடைக்கும். அளவீட்டுக்கு அது பொருந்தாது. உலோக அச்சை உருகிய மெழுகில் தோய்த்து முத்திரையிடும் முறையும் உண்டு. தாளை இரும்பு வார்ப்புக்கும் காந்தத்துக்கும் இடையில் இறுக்கி, மெழுகில் ஒரு நொடி முக்கியெடுக்கும் முறையும் உண்டு. எந்த முறையாயினும் மெழுகை நேரடித் தீயில் உருக்கக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறிய மெழுகின் ஆவி தீப்பற்றும். வெப்பநிலை காட்டும் மின்தட்டையோ கொதிநீரில் வைத்த பாத்திரத்தையோ பயன்படுத்த வேண்டும்.

உருக்கிய தாளை ஆறவைத்தபின் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் உள்ள கோடு பின்பக்கத்திலும் இடைவெளியின்றித் தெரிந்தால் கரை முழுமையாக அமைந்திருக்கிறது. பின்பக்கக் கோடு மங்கலாகவோ விட்டுவிட்டோ இருந்தால் மெழுகு போதவில்லை. கால்வாய் மிகவும் குறுகியிருந்தால் மெழுகோ காலமோ மிகுந்துவிட்டது. அடுத்து, ஒவ்வொரு தாளிலிருந்தும் மூன்று சில்லுகளை எடுத்து, 15 மைக்ரோலிட்டர் வண்ண நீர் விட்டு ஓட்டிப்பார்க்க வேண்டும். மூன்று கிளைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிறைய வேண்டும். ஒரு சில்லில் கசிவு தெரிந்தாலும் அந்தத் தாளின் மற்றச் சில்லுகளை அளவீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பின்பக்கத்தை என்ன செய்வது என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும்; ஆனால் பலரின் முடிவுகளைக் கெடுப்பது அதுதான். ஈரமான தாள் மேசையைத் தொட்டால் தாளுக்கும் மேசைக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியே ஒரு நுண்புழையாகி, நீர் மெழுகுக் கரைக்கு அடியில் ஒழுகிப் பரவும். எனது முதல் தொகுதியில் கரை சரியில்லை என்று எண்ணி இரண்டு வாரம் மெழுகையே மாற்றிக்கொண்டிருந்தேன். குற்றம் மெழுகில் இல்லை, சில்லை வைத்த கண்ணாடித் தட்டில் இருந்தது. பின்பக்கம் முழுவதும் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். முன்பக்கத்தை மூடக் கூடாது, ஏனெனில் குளுக்கோஸ் வினைக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும்.

வினைப்பொருள்கள்

குளுக்கோஸ் வட்டத்தில் நடக்கும் வினை இரண்டு படிகளைக் கொண்டது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து குளுக்கோனிக் அமிலமாக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பெராக்சிடேஸ் என்ற இரண்டாவது நொதி, அந்தப் பெராக்சைடைக் கொண்டு நிறமற்ற அயோடைடைப் பழுப்பு நிற அயோடினாக மாற்றுகிறது. பழுப்பின் ஆழம் குளுக்கோஸின் அளவைக் காட்டும்.

இதற்கான கரைசலை, 6.0 பிஎச் உடைய 100 மில்லிமோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசலில், அதாவது அமில-கார அளவை (பிஎச்) எளிதில் மாறவிடாத கரைசலில், தயாரிக்க வேண்டும். 10 மில்லிலிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் 0.6 மோலார் வரும். நீரேறிய டிரெஹலோஸ் 1.13 கிராம் சேர்த்தால் 0.3 மோலார் வரும். நொதிகளை ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் 120 அலகு, குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் 30 அலகு என்ற கணக்கில் கடைசியாகச் சேர்த்து, குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துக் கலக்க வேண்டும். டிரெஹலோஸ் என்பது ஒரு வகைச் சர்க்கரை. நீர் வற்றும்போது அது நொதியைச் சூழ்ந்து கண்ணாடி போல உறைந்து, அதன் வடிவம் குலையாமல் காக்கிறது. அதைச் சேர்க்காத சில்லு செய்த அன்று நன்றாக வேலை செய்து, சில நாள்களில் சோர்ந்துவிடும்.

புரத வட்டத்தில் நொதி இல்லை. முதலில் 1.8 பிஎச் உடைய 250 மில்லிமோலார் சிட்ரேட் தாங்கல் கரைசலை இட்டு உலர்த்தி, அதன்மேல் 95 விழுக்காடு எத்தனாலில் கரைத்த 3.3 மில்லிமோலார் டெட்ராபுரோமோபீனால் நீலத்தை இட வேண்டும். 10 மில்லிலிட்டருக்கு அது ஏறத்தாழ 33 மில்லிகிராம். அந்த அமிலச் சூழலில் சாயம் மஞ்சளாக இருக்கும். அல்புமின் போன்ற புரதம் வந்து சாயத்தோடு பிணையும்போது, பிஎச் மாறாமலேயே சாயம் நீலத்துக்குத் திரும்புகிறது. மிகுந்த காரத்தன்மை உள்ள சிறுநீர், தாங்கல் கரைசலின் வலிமையைத் தோற்கடித்து, புரதமே இல்லாமலும் நீலத்தைக் காட்டிவிடும். எனவே மாதிரியின் பிஎச் மதிப்பைத் தனியே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வட்டத்தில் எதையும் இடுவதில்லை. பலர் இதை வீணான இடம் என்று எண்ணி அங்கே இன்னொரு சோதனையைச் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுநீருக்கே மஞ்சள் நிறம் உண்டு; அது ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். வினைப்பொருள் இல்லாத வட்டம் அந்தச் சொந்த நிறத்தைப் பதிவு செய்கிறது. அதைக் கழித்தால்தான் மற்ற இரண்டு வட்டங்களின் நிறத்துக்குப் பொருள் உண்டு. மாதிரி முனைவரை வந்ததா என்பதற்கும் அதுவே சாட்சி.

4 மில்லிமீட்டர் வட்டம் முழுவதும் நிறைய ஒன்றரை மைக்ரோலிட்டர் தேவை. அதைவிடச் சற்றுக் குறைவாக, ஒவ்வொரு கரைசலிலும் 1 மைக்ரோலிட்டரை நுண்பிப்பெட்டால் வட்டத்தின் நடுவில் இட வேண்டும். பிப்பெட்டின் நுனி தாளைக் குத்தக் கூடாது. நுனியில் தொங்கும் துளி மட்டும் தாளைத் தொட வேண்டும். எத்தனாலில் உள்ள சாயத்தை இடும்போது கூடுதல் கவனம் தேவை. எத்தனாலின் பரப்பு இழுவிசை நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், பெரிய துளியாக விட்டால் அது மெழுகுக் கரையையும் கடந்துவிடும். அரை மைக்ரோலிட்டர் வீதம் இரண்டு முறை, இடையில் உலரவிட்டு இட்டால் இந்தச் சிக்கல் வராது. சோப்பு வகைகளும் பெரும்பாலான கரிமக் கரைப்பான்களும் இதே போலக் கரையை உடைக்கும். அவை சேர்ந்த எந்த வினைப்பொருளுக்கும் மெழுகுச் சில்லு ஏற்றதன்று.

ஒவ்வொரு படிக்கும் இடையே அறை வெப்பநிலையில், வெளிச்சம் படாத இடத்தில் உலர்த்த வேண்டும். விரைவாக உலர்த்த வெப்பக் காற்றையோ அடுப்பையோ நாடினால் நொதி கெடும், மெழுகும் இளகும். அயோடைடு வெளிச்சத்தில் தானாகவே மெல்லப் பழுப்பேறும். உலர்ந்த சில்லில் மாதிரி இடும் முன்பே இளமஞ்சள் தெரிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அளவுத்திருத்தம்

குளுக்கோஸ் தரக்கரைசல்களை 0, 2.5, 5, 10, 25, 50 மில்லிமோலார் என்ற செறிவுகளில் தயாரிக்கலாம். 100 மில்லிலிட்டரில் 0.90 கிராம் குளுக்கோஸ் கரைத்தால் 50 மில்லிமோலார் வரும். மற்றவற்றை அதிலிருந்து நீர்த்துக்கொள்ளலாம். கரைத்தவுடன் பயன்படுத்தாமல் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். குளுக்கோஸுக்கு ஆல்பா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள் உண்டு. நமது நொதி பீட்டா வடிவத்தின்மீது மட்டுமே சிறப்பாக வினைபுரியும். படிகக் குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்பா வடிவம் என்பதால், புதிதாகக் கரைத்த கரைசல் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சில மணி நேரத்தில் இரண்டும் ஒரு நிலையான விகிதத்துக்கு வந்துவிடும். இது தெரியாமல், காலையில் ஒரு கோடும் மாலையில் வேறொரு கோடும் வந்து குழம்பியவர்கள் பலர். புரதத்துக்கு மாட்டு அல்புமினை மில்லிலிட்டருக்கு 0, 0.3, 1, 3 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான சிறுநீர்ச் சோதனைப் பட்டைகளில் ஒரு கூட்டல், இரண்டு கூட்டல், மூன்று கூட்டல் என்று குறிக்கப்படும் நிலைகள் ஏறத்தாழ இவையே என்பதால் ஒப்பிட எளிது.

இரண்டு தரக்கரைசல்களையும் வெறும் நீரில் செய்வதைவிடச் செயற்கைச் சிறுநீரில், அதாவது யூரியாவும் உப்புகளும் கிரியேட்டினினும் உரிய அளவில் கலந்த நீரில் செய்வது மேல். உப்பும் பாகுநிலையும் மாறினால் ஓட்டமும் வினையும் மாறும்.

ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது ஏழு சில்லுகள் வேண்டும். சோதிக்கும் பொருள் சேராத வெறுமைக் கரைசலுக்கு (செறிவு 0) பத்து இருந்தால் நல்லது. குறைந்த செறிவில் தொடங்கி வரிசையாக ஏறிச்செல்லாமல், சீட்டுக் குலுக்கி வரும் வரிசையில் செய்ய வேண்டும். நேரம் ஆக ஆக அறையின் ஈரப்பதமோ கையின் களைப்போ மாறிக்கொண்டே போகும். வரிசையாகச் செய்தால் அந்த மாற்றம் செறிவின் விளைவு போல வேடமிட்டுக் கோட்டுக்குள் நுழைந்துவிடும்.

மாதிரி இட்டதும் கடிகாரத்தைத் தொடங்கி, சரியாகப் பத்தாவது நிமிடத்தில் படமெடுக்க வேண்டும். அயோடின் மெல்ல ஆவியாகி மறைவதால், ஐந்து நிமிடம் தாமதித்தால் நிறமே வேறாகிவிடும். படமெடுக்கத் தட்டை ஸ்கேனரே சிறந்தது, ஏனெனில் அதன் ஒளி எப்போதும் ஒன்றாக இருக்கும். கைப்பேசியைப் பயன்படுத்துவதானால், வெளிச்சம் புகாத ஒரு பெட்டிக்குள் நிலையான விளக்கு அமைத்து, தானியங்கி வெண்சமநிலையையும் ஒளியளவையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு சாம்பல் அட்டையும் உடன் இருக்குமாறு எடுக்க வேண்டும்.

படத்தை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனி நிற அலைகளாக (சேனல்களாக) பிரிக்கலாம். பழுப்பு நிற அயோடின் நீல ஒளியை உறிஞ்சுவதால், குளுக்கோஸுக்கு நீல அலையின் மதிப்பைப் பார்க்க வேண்டும். புரதத்தில் மஞ்சள் நீலமாவதால் சிவப்பு அலையில் மாற்றம் மிகுதி. வட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழு வட்டத்தின் சராசரியை எடுங்கள். நீர் ஓரங்களை நோக்கி ஓடும்போது நிறமும் ஓரத்தில் குவிகிறது. மேசையில் சிந்திய காபி காய்ந்ததும் விளிம்பில் கருவளையம் தெரிவதற்கும் காரணம் இதுவே. வினைப்பொருளற்ற வட்டத்தின் மதிப்பைக் கழித்து, செறிவுக்கு எதிராக வரைந்தால் அளவுத்திருத்தக் கோடு கிடைக்கும். தொடக்கத்தில் அது ஏறத்தாழ நேர்க்கோடாகச் சென்று, செறிவு கூடும்போது வளைந்து சமமாகிவிடும். சமமான பகுதியிலிருந்து எந்த எண்ணையும் படிக்கக் கூடாது. அங்கே 'மிகுதி' என்று மட்டும் எழுதலாம்.

வெறுமைக் கரைசல் பத்தின் மதிப்புகளுக்கும் திட்ட விலக்கம் கணக்கிட்டு, அதை மூன்றால் பெருக்கி, கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை கிடைக்கும். அதற்குக் கீழே வரும் அளவைக் கருவி காண்பதில்லை என்றே கொள்ள வேண்டும். இந்த எண் விரும்பியதைவிடப் பெரியதாக இருந்தால், பெரும்பாலும் குறை வேதியியலில் இருக்காது. சில்லுக்குச் சில்லு உள்ள வேறுபாட்டில் இருக்கும். துளி இடுவதையும் மெழுகு இடுவதையும் சீராக்கினால் எல்லை தானே இறங்கும்.

பிறகு, செறிவு தெரியாத இருபது மாதிரிகளை வேறொருவரைக் கொண்டு தயாரித்து, எண் மட்டும் இட்டு வாங்கிச் சோதிக்க வேண்டும். விடையைத் தெரிந்துகொண்டு பார்க்கும் கண், வேண்டிய நிறத்தைக் கண்டுவிடும். சிலவற்றில் அஸ்கார்பிக் அமிலத்தையும், அதாவது வைட்டமின் சி-யையும் கலந்து தரச் சொல்லுங்கள். அது அயோடினை மீண்டும் நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடுவதால், குளுக்கோஸ் இருந்தும் இல்லை என்று காட்டும். எவ்வளவு கலந்தால் சோதனை ஏமாறுகிறது என்பது தெரிந்திருப்பது அவசியம். இவ்வளவும் செய்த பின்னும், முறையான மருத்துவ ஒப்பீடும் ஒழுங்குமுறை ஒப்புதலும் பெறாத ஒரு சில்லைக் கொண்டு யாருக்கும் நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. தவறான 'இல்லை' ஒருவரின் சிகிச்சையைத் தள்ளிப்போடும்.

இரத்தத்துக்குப் போக விரும்பினால்

சிறுநீர்ச் சில்லை அப்படியே இரத்தத்துக்குப் பயன்படுத்த இயலாது. சிவப்பணுக்கள் தாளின் துளைகளை அடைப்பதோடு, அவற்றின் நிறம் எல்லா நிறத்தையும் மறைத்துவிடும். மாதிரி வட்டத்தின்மேல் பிளாஸ்மாவை மட்டும் கீழே விடும் வடிசவ்வு ஒன்றைப் பொருத்த வேண்டும்; அடுக்குகள் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டால்தான் நீர் இறங்கும். ஒரே தாளை மடித்து அடுக்குகளாக்கும் முறையை 2011இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் லியுவும் குரூக்ஸும் காட்டினார்கள். இருபக்க ஒட்டுநாடாவை வெட்டி அடுக்குவதைவிட அது எளிது. சிவப்பணுக்களின் இயல்பையே பயன்படுத்திக்கொள்ளும் சோதனையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு செய்த இரத்த வகைத் தாளில், உரிய எதிர்ப்பொருளோடு ஒட்டித் திரண்ட அணுக்கள் தாளில் சிக்கி நிற்கும், திரளாதவை நீரோடு ஓடிவிடும். நிற்கும் கறையே விடை.

சேமிப்பும் அப்புறப்படுத்தலும்

உலர்ந்த சில்லுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலுமினியத்தாள் உறையில் இட்டு, காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஒவ்வொரு உறையிலும் தயாரித்த நாள், தாள் எண், வினைப்பொருள் தொகுதி ஆகியவற்றை எழுத வேண்டும். சேமிப்புக் காலத்தை ஊகத்தால் சொல்ல முடியாது. ஒரு பகுதியைக் குளிரிலும், ஒரு பகுதியை அறையிலும், ஒரு பகுதியை 40 டிகிரி வெப்பத்திலும் வைத்து, வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து சில்லுகளை 5 மில்லிமோலார் குளுக்கோஸால் சோதியுங்கள். நிறம் முதல் நாள் மதிப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையும் வாரத்துக்கு முந்தைய வாரமே அந்த வெப்பநிலைக்கான காலாவதி.

மாதிரியைத் தொட்ட சில்லைக் கையுறையோடு எடுத்து, மருத்துவக் கழிவுக்குரிய பையில் இட வேண்டும். தாளும் மெழுகும் முற்றிலும் எரிந்துவிடும் என்பதால், உரிய எரிகலனில் சாம்பலாக்குவது எளிது. பின்பக்கத்து ஒட்டுநாடாவைத் தேர்ந்தெடுக்கும்போதும் குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்கைத் தவிர்த்தால் நச்சுப்புகை எழாது.